ஏலத்துக்கு நிற்கப்போகும் ஃபைபர் குதிரை: கழுவுவதில் தொடங்கி கிளியர் அடிப்பது வரை

1998இல் சூரிக் நகரத் தெருக்களில் வண்ணம் பூசிய பசு பொம்மைகளை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு சிகாகோ அதையே பெரிய அளவில் செய்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரம் பசுவை விட்டுவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டது. பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பேர்போன ஊர் அது, வேறு எதை நிறுத்துவார்கள்? ‘ஹார்ஸ்மேனியா’ என்ற பெயரில் தொடங்கிய அந்த முயற்சி 2010இலும் 2022இலும் மறுபடி நடந்தது. ஏற்பாடு எளிமையானது. ஒரு நிறுவனமோ குடும்பமோ குதிரைக்கான செலவை ஏற்கும். ஓவியர் வண்ணம் தீட்டுவார். சில மாதம் குதிரை தெருவில் நிற்கும். பிறகு ஏலம். வரும் பணம் நற்பணிக்குப் போகும்.

அந்தச் சில மாதங்கள்தான் ஓவியருக்குப் பரீட்சை. வெயில், மழை, கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பவர்கள், முதுகில் ஏறப் பார்க்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்கி ஏலத்தன்று குதிரை புதிதாக நிற்க வேண்டும். வயிற்றில் வண்ணம் உரிந்து தொங்கும் குதிரைக்கு யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். நஷ்டம் ஓவியருக்கு இல்லை, அந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கோ நோயாளிகளுக்கோதான். அதனால் இந்தக் குறிப்பில் படம் வரைவதைவிடப் படத்துக்கு அடியிலும் மேலேயும் என்ன இருக்க வேண்டும் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

குதிரை வந்து இறங்கியதும்

இத்தகைய குதிரைகள் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸில் வார்த்தவை. உள்ளே வெற்றிடம், கால்களுக்குள் இரும்புக் கம்பி, மேலே ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்தோல். பந்தயக் குதிரையின் உயரத்தை ‘கை’ கணக்கில் சொல்வார்கள், ஒரு கை 4 அங்குலம். 16 கை உயரக் குதிரை என்றால் தோள்மேடு வரை 64 அங்குலம், அதாவது ஏறக்குறைய 163 செ.மீ. தலை அதற்கும் மேலே போகும். எனவே கூரை உயரமும் கதவின் அகலமும் முதலிலேயே அளந்து வையுங்கள். முடித்த குதிரை வாசலைத் தாண்டாவிட்டால் கூரையைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

தூக்கும்போது வால், காது, கால் மூன்றையும் பிடிக்கக் கூடாது. முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு பட்டை, பின்னங்கால்களுக்கு முன்னால் ஒரு பட்டை, பக்கத்துக்கு இரண்டு பேர். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் பழைய கம்பளம் போடுங்கள்.

வயிற்றின் அடியிலோ குளம்பின் அடியிலோ சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும், இரவில் சுருங்கும். உள்ளே ஈரம் சேர்ந்தாலும் வெளியேற வழி வேண்டும். ஓட்டை அசிங்கமாக இருக்கிறதே என்று பட்டி வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி அடைத்தால் சில வாரங்களில் ஒட்டுச் சேர்ந்த கோடு விரிந்து, வண்ணத்தின் மேல் மயிரிழை விரிசல் ஓடும். துளை இல்லையென்றால் வார்த்தவரிடம் கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் 8 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகை எடுக்காமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்

அச்சிலிருந்து வார்ப்பு ஒட்டாமல் வருவதற்காக அச்சுக்குள் மெழுகு பூசியிருப்பார்கள். அதில் கொஞ்சம் குதிரையின் தோலில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பலர் செய்யும் முதல் தவறு, குதிரை வந்த அன்றே உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பது. தேய்த்தால் மெழுகு போகாது, கீறல்களுக்குள் இறங்கும். அதன் மேல் அடிக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அங்கங்கே மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகும். விலகாவிட்டால் இன்னும் ஆபத்து, நன்றாக ஒட்டியதுபோல் காட்டிவிட்டு இரண்டு மாதம் கழித்துத் தோலாக உரியும்.

முறை இது. பாத்திரம் துலக்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து நார் கொண்டு முழு உடம்பையும் தேய்த்துக் கழுவுங்கள். நிறைய தண்ணீர் ஊற்றி அலசிக் காய விடுங்கள். பிறகு கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் மெழுகு-பிசுக்கு நீக்கியைப் பனியன் துணியில் நனைத்து ஒரு சாண் இடமாகத் துடையுங்கள். ஈரத்துணி ஒரு கையில், காய்ந்த துணி மறுகையில். நனைத்த இடம் காயும் முன் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தானாகக் காய விட்டால் கரைந்த மெழுகு அங்கேயே மறுபடி படிந்துவிடும். துணியை அடிக்கடி மாற்றுங்கள், ஒரு குதிரைக்கு இரண்டு கிலோ பனியன் வேஸ்ட் ஆவது சாதாரணம்.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு குவளைத் தண்ணீரை முதுகில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் மெழுகு போய்விட்டது. தாமரை இலையில் விழுந்ததுபோல் முத்து முத்தாக உருண்டால் அந்த இடத்தை மறுபடி துடைக்க வேண்டும். தாடைக்கு அடி, தொடையிடுக்கு, பிடரி மடிப்பு மூன்றிலும் கட்டாயம் பாருங்கள்.

இதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ஒரு தடவை தடவினாலே போதும், அந்த இடத்தில் பிரைமர் பிடிக்காது. நைட்ரைல் கையுறை அணியுங்கள். டயர் பாலிஷ், சிலிக்கோன் ஸ்பிரே எதுவும் அந்தக் கூடத்திலேயே இருக்க வேண்டாம்.

தேய்ப்பும் பட்டியும்

இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த கோடு முதுகு, மார்பு, வயிறு, முகத்தின் நடுப்பகுதி வழியாக ஓடும். அதை 180 எண் உப்புத்தாளால் மட்டம் செய்து, உடம்பு முழுவதையும் 320ஆல் தேய்த்து மினுமினுப்பைப் போக்குங்கள். ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் அரிக்கும். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தூசி பறக்காது. முகத்துக்கு என்95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் வேண்டும்.

தேய்க்கும்போது ஜெல்கோட்டுக்குள் இருந்த காற்றுக்குமிழிகள் திறந்து குண்டூசித் துளைகளாகத் தெரியும். காதின் நுனி, நாசித்துவாரம், குளம்பின் விளிம்பு ஆகிய இடங்களில் அதிகம். கார்களுக்குப் பட்டி பார்க்கும் பாலியஸ்டர் பட்டிதான் இதற்கும். அதை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்ட்னர் பொதுவாக 2 சதவீத எடை. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் சேர்த்தால் பின்னாளில் அந்த இடத்தின் வண்ணம் மஞ்சளிக்கும். கலந்தது ஐந்து பத்து நிமிடத்தில் இறுகிவிடும், எலுமிச்சை அளவுக்குமேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள்.

சிமென்டில் செய்த அய்யனார் கோயில் குதிரைக்கு வண்ணம் பூசப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே எதிரி மெழுகல்ல, சுண்ணாம்பின் காரம். புதுச் சிமென்டைக் குறைந்தது 28 நாள் ஆற விட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே வண்ணம். அவசரப்பட்டு எனாமலை நேரே பூசினால் காரம் அதன் எண்ணெயைச் சோப்பாக்கிப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும்.

பிரைமரும் அளவும்

வளர்ந்த குதிரையின் மேற்பரப்பு 6 முதல் 7 சதுர மீட்டர் என்று கணக்கு வையுங்கள். எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டிங்குக்கு இரண்டு லிட்டர். அடிநிறத்துக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு லிட்டர். படத்துக்கான ஓவியர் அக்ரிலிக் முக்கிய நிறங்களில் அரை லிட்டர் வீதம், மற்றவை 120 மி.லி. குப்பி. படத்தைக் காக்கும் நிறமில்லாத கடைசிப் பூச்சான பி.யு. (பாலியூரிதேன்) கிளியர் ஹார்ட்னரோடு சேர்த்து மூன்று லிட்டர். ஸ்பிரே அடிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும், கணக்கில் அதையும் சேர்த்தாயிற்று.

குதிரை வெள்ளைப் பிரைமரோடு வந்திருந்தால் அதை நம்பிவிடாதீர்கள். தின்னர் நனைத்த துணியை வயிற்றின் அடியில் ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். வெள்ளை கரைந்து துணியில் வந்தால் அது ஹார்ட்னர் சேராத பிரைமர். அதன் மேல் பி.யு. கிளியர் பட்டால் கடைசி நாளில் எல்லாம் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். நாள் கணக்கு பார்க்காமல் தேய்த்து எடுத்துவிட்டு எபாக்ஸி அடியுங்கள்.

பிரைமர் நன்கு காய்ந்ததும் ஒட்டுப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும். வயிற்றின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், புதுப் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு கீறுங்கள். குறுக்கே இன்னும் ஆறு. சின்னச் சின்னக் கட்டங்களாக வரும், 25 கட்டம். தூசியைத் தட்டி, நல்ல பிசினுள்ள டேப்பை அதன் மேல் நகத்தால் அழுத்தி ஒட்டுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கீறிய ஓரத்துத் தூள் லேசாக ஒட்டியிருக்கலாம், அதனால் குற்றமில்லை. முழுக் கட்டமே பெயர்ந்து வந்திருந்தால் மெழுகு மிச்சமிருக்கிறது. இரண்டு நாள் வேலை வீணாயிற்றே என்று தோன்றும். படம் முழுவதும் தீட்டிய பிறகு தெரிந்திருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்கும்.

தேறிவிட்டால் 400 வாட்டர் பேப்பரால் லேசாகத் தடவி அடிநிறம் பூசுங்கள்.

படத்தைக் குதிரைமேல் ஏற்றுவது

காகிதத்தில் அழகாக இருந்த படம் குதிரைமேல் ஏறியதும் கோணலாவதற்குக் காரணம், குதிரைக்குத் தட்டையான இடமே கிடையாது. விலாவும் பிட்டமும் கழுத்தின் பக்கவாட்டும் மட்டும் ஓரளவு பலகை மாதிரி. மனித முகம், கட்டடம், எழுத்து போன்ற சிதையக்கூடாத எதுவும் இந்த மூன்று இடங்களில்தான் வர வேண்டும். மார்பிலும் தொடை வளைவிலும் கொடி, அலை, இறகு, மேகம் என்று வளைந்து போகிறவற்றை வையுங்கள். புரொஜெக்டர் வைத்து வரைவதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒளி விழும் பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் சரியாக இருக்கும், இரண்டடி நகர்ந்தால் இழுபட்டுத் தெரியும்.

பழுப்புக் காகிதத்தை உடம்பில் ஒட்டி அதன் மேலேயே வரைந்து பார்ப்பது நல்லது. பிடித்ததும் கோடுகளைக் குண்டூசியால் குத்தி, துணி மூட்டையில் கட்டிய சுண்ணப்பொடியைத் தட்டினால் புள்ளிகளாக இறங்கும். மறுபக்கமும் அதே உருவம் வேண்டுமென்றால் காகிதத்தைத் திருப்பிப் போடுங்கள்.

கோடு போடச் சாக்கட்டி அல்லது நீர்வண்ணப் பென்சில். பர்மனென்ட் மார்க்கர் கூடவே கூடாது. அதன் சாயம் கிளியரில் உள்ள கரைப்பானில் கரைந்து, எத்தனை கோட்டிங் அக்ரிலிக் போட்டு மறைத்திருந்தாலும் ஊதா நிழலாக மேலே வந்து நிற்கும். மெல்லிய கோடு வேண்டுமானால் நிறமிகள் கொண்ட அக்ரிலிக் பேனா வாங்குங்கள்.

ஐந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். குதிரை முதலில் தெரிகிறதா, படம் முதலில் தெரிகிறதா? முப்பது சின்னப் படங்களைத் திணித்த குதிரை தூரத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஒரே எண்ணத்தைக் காது முதல் வால் வரை ஓடவிட்ட குதிரையைத்தான் கூட்டம் சுற்றி வந்து பார்க்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே மட்டும் நுணுக்கமாகச் சிலவற்றை ஒளித்து வையுங்கள், அது சிறுபிள்ளைகளின் கண்மட்டம். புகழ்பெற்ற கார்ட்டூன் உருவம், நிறுவனச் சின்னம் எதையும் அனுமதியில்லாமல் போடாதீர்கள். ஏலம் விடுகிறவர்களுக்குச் சட்டச் சிக்கல் வரும்.

நிறங்கள்

கடையில் அழகாக இருப்பதைப் பார்த்து வாங்காமல் குப்பியின் பின்னால் இருக்கும் நிறமி எண்ணைப் படியுங்கள். டைட்டானியம் வெள்ளை பி.டபிள்யு. 6, அல்ட்ராமரைன் நீலம் பி.பி. 29, தாலோ நீலம் பி.பி. 15, இரும்பு ஆக்சைடு செம்மண் நிறம் பி.ஆர். 101, மஞ்சள் காவி பி.ஒய். 42, நல்ல சிவப்புக்கு பி.ஆர். 254. இவை வெயிலில் நிற்கும். பழைய அலிசரின் கிரிம்சன் பி.ஆர். 83 வெளுத்துவிடும். பளபளக்கும் ஃப்ளோரசன்ட் இளஞ்சிவப்பும் பச்சையும் ஒரு கோடையையே தாங்காது. பித்தளை சேர்ந்த போலித் தங்க ரேக்கு கறுக்கும்.

முழுக் கறுப்புக் குதிரை கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் உச்சிவெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அந்தச் சூட்டில் பட்டி வைத்த இடங்களும் ஒட்டுக்கோடுகளும் வெளியே தெரியத் தொடங்கும். கறுப்பே வேண்டுமென்றால் நிழலில் நிறுத்தச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் வயிற்றடியும் கால்களின் உட்புறமும். அங்கே படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது பக்கங்களில் தோள் உரசும், அவை இன்னும் தீட்டாமல் இருப்பது நல்லது. பிறகு முதுகிலிருந்து கீழ்நோக்கி. தடிப்பாக ஒரு தடவைக்குப் பதில் மெல்லியதாக மூன்று தடவை. தடித்த வண்ணத்துக்குள் தண்ணீர் சிக்கிக்கொண்டால் கிளியர் அடித்ததும் கொப்புளமாகும். நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால், டேப்பின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே மெல்லப் பூசுங்கள். கசிவதானால் அதுவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், அப்புறம் போடும் நிறம் கத்தி வெட்டியதுபோல் நிற்கும். வண்ணம் முழுக்க இறுகும் முன் டேப்பைச் சாய்வாக உரியுங்கள்.

கண்ணைக் கடைசியாக வையுங்கள். நம் ஊரில் மண்சிலை செய்யும் வேளார்கள் மண்குதிரைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். இங்கே அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: எல்லா நிறமும் முடிந்த பிறகுதான் சுற்றியுள்ள வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவாகும். குதிரையின் கருமணி பூனைக்குப்போல் நிமிர்ந்த கீற்று அல்ல, மனிதருக்குப்போல் வட்டமும் அல்ல. படுக்கையாக நீண்ட முட்டை வடிவம். சுற்றி அடர்ந்த பழுப்பு. வெள்ளை விழி சாதாரண நிலையில் அதிகம் தெரியாது, நிறையக் காட்டினால் மிரண்ட குதிரையாகிவிடும். மேல் இமையை ஒட்டி ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு கண்ணிலும் வானம் ஒரே திசையில் இருப்பதுபோல். கீழ் இமையோரம் மெல்லிய நீலச்சாம்பல் கீற்று ஒன்று போட்டால் ஈரம் வந்துவிடும். உடம்பு முழுக்க நீலப் பூக்களாக இருந்தாலும் கண் மட்டும் இப்படி இருந்தால் குதிரை பார்க்கும்.

கிளியர்

அக்ரிலிக் அரைமணியில் தொடக் காய்ந்துவிடும். உள்ளே இறுகுவதற்கு நாளாகும். குறைந்தது ஏழு நாள், தடித்த இடங்கள் இருந்தால் இரண்டு வாரம் பொறுத்த பிறகே கிளியர்.

ஹார்ட்னர் கலக்கும் பி.யு. கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வீட்டுக் கூடத்திலோ பள்ளி வராந்தாவிலோ இதை அடிக்கக் கூடாது. கார் பெயிண்ட் பூத் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். நற்பணி என்றால் பொருள் செலவுக்கே அடித்துத் தருகிறவர்கள் பல ஊரில் உண்டு. புற ஊதாத் தடுப்புள்ள கிளியர்தானா என்று கேளுங்கள். முதல் இரண்டு கோட்டிங் பனி படிந்ததுபோல் மெல்லியதாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிடுங்கள். காருக்கு அடிப்பதுபோல் எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் கரைப்பான் அக்ரிலிக்கைக் கடித்து, காய்ந்த ஏரிபோல் வெடிக்க வைக்கும். அதற்கு மேல் முழு கோட்டிங் மூன்று. கழுத்து, மூக்கு, முதுகு, பிட்டம் நாலும் மக்கள் கை ஓயாமல் படும் இடங்கள், அங்கே நாலாவதும் வேண்டும். உங்கள் வண்ணங்களைத் தீட்டிய பலகை ஒன்றை முன்கூட்டியே அனுப்பி அதில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காற்று நாளிலும் மாலை பனி இறங்கும் நேரத்திலும் அடித்தால் கிளியர் பால்போல் மங்கும். குதிரையின் தோல், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பொதுவான விதி.

அனுப்பும்போது

கிளியர் அடித்து ஒரு வாரம் கழியும் முன் எதையும் சுற்றாதீர்கள். குமிழ் பிளாஸ்டிக்கைச் சுற்றி வெயிலில் வண்டி ஏற்றினால் ஒவ்வொரு குமிழும் வட்டத் தழும்பாகப் பதிந்துவிடும். பழைய பருத்திப் போர்வை போதும். பட்டையை உடம்பின் குறுக்கே இறுக்காமல் அடிப்பலகையோடு கட்டுங்கள்.

குதிரையோடு ஒரு சிறு பெட்டியும் போக வேண்டும். பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்திலும் 100 மி.லி., குப்பியில் நிறமி எண்ணும் கலவை விகிதமும் எழுதி ஒட்டியது. எந்த பிரைமர், எந்தக் கிளியர், எந்தத் தேதியில் அடித்தது என்று ஒரு தாள். இரண்டு தூரிகை. தெருவில் நிற்கும் மாதங்களில் கீறல் விழாமல் இருக்காது. ஈரத்துணியும் மென்மையான சோப்பும் கொண்டு துடைத்து, கீறலில் மட்டும் நிறத்தைத் தொட்டு வைக்க வேண்டும். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷ் போடக்கூடாது என்பதைத் தாளில் பெரிதாக எழுதுங்கள். போட்டுவிட்டால் அதன் மேல் பிறகு எந்த வண்ணமும் பிடிக்காது, மெழுகு துடைக்கும் வேலையை ஏலம் எடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.